எத்தனை நீளத்துக்கு?

பதினோரு ஆண்டுகளாக ஒரே எண்ணைக் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன்: 4,900. கடலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் மாணவர்களுக்குப் பொருளறிவியல் நடத்துகிறவன் நான். கூட்டுப்பொருள்கள் பாடம் வரும் நாளில் ‘கார்பன் இழை’ என்று தலைப்பிட்டு, இழுவிசை வலிமை 4,900 மெகாபாஸ்கல் என்று எழுதிவிட்டுச் சற்று நிறுத்துவேன். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பில் அரை டன்னைத் தொங்கவிடலாம். வீடு கட்ட வாங்கும் 500 கிரேடு கம்பியைப்போல ஒன்பது பத்து மடங்கு; எடையோ அதில் கால் பங்குக்கும் குறைவு. வகுப்பு அசந்துபோகும். எனக்கும் உள்ளூர ஒரு பெருமை, ஏதோ நானே அந்த இழையை நூற்றதுபோல.

தொல்லை பின்வரிசையிலிருந்து வரும். ஆண்டுக்கு ஒருவராவது கேட்டுவிடுவார்: “சார், ஒற்றை அணு தடிமனுள்ள கார்பன் படலமான கிராஃபீனுக்கு 130 ஜிகாபாஸ்கல், அதாவது 1,30,000 மெகாபாஸ்கல் என்று போட்டிருக்கிறது. இதுவும் கார்பன், அதுவும் கார்பன். உங்கள் 4.9 போக மீதி 125 எங்கே போயிற்று?” என்னிடம் இருந்த பதில் ஒரே சொல்: குறைகள். இழையில் குறைகள் இருக்கும், அங்கிருந்து உடையும், அடுத்த பாடம். மணி அடித்துவிடும்; அடிக்காவிட்டாலும் அடித்ததாக நினைத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுவேன். ஆனால் மாலையில் பஸ் கன்னியக்கோவிலைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் நுழையும்போது அந்தச் சொல் உறுத்தத் தொடங்கும். என்ன குறை? எவ்வளவு பெரியது? தெரிந்த குறைதானே, ஏன் நீக்க முடியவில்லை? ‘வயிற்றுக் கோளாறு’ என்று எழுதிக் கொடுக்கும் மருத்துவரைப்போல நானும் ஒரு பெயரைச் சொல்லி ஆளை அனுப்பிவிடுகிறேன் என்று தோன்றும்.

இதை எனக்குத் தெளிவாக்கியது எந்த ஆய்வுக் கட்டுரையும் இல்லை. பள்ளி இறுதியோடு படிப்பை நிறுத்திய என் அப்பா.

திண்ணையில் ஒரு கத்தை

அப்பா கடலூர் சாலையில் இருந்த ஒரு பஞ்சாலையில் டெஸ்டிங் ரூமில் வேலை பார்த்தவர். நூலின் நம்பர் பார்ப்பது, முறுக்கு எண்ணுவது, பலம் பார்ப்பது. ஆலை நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் கடையில் சட்டைத்துணி வாங்கும்போது ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, முறுக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார். கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அம்மா இரண்டு கடை தள்ளி நின்றுகொள்வார்.

ட்ரோன் செய்யும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பழைய மாணவர், வகுப்பில் காட்டலாம் என்று மிச்சமாகிப் போன கார்பன் இழைக் கத்தை ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். 12,000 இழைகள் சேர்ந்த கறுப்பு நாடா. பார்ப்பதற்குப் பெண்பிள்ளைகளின் சவுரிமுடி. அதைத் திண்ணையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் அப்பா அதன் நுனியை விரலால் நீவிக்கொண்டிருந்தார். “கஞ்சி போட்டிருக்கிறார்கள்” என்றார்.

நான் திகைத்துப்போனேன். உண்மைதான். நெசவுக்குப் போகும் பாவுநூலுக்குக் கஞ்சி போடுவதுபோல, கார்பன் இழைக்கும் பிசுபிசுப்பான எப்பாக்சிப் பூச்சு ஒன்று உண்டு. இழைகள் உரசி முறியாமல் சேர்த்துப் பிடிப்பதற்கு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். பாடத்தில் ஒரு வரியாக நான் படித்துக் கடந்த விஷயத்தை அவர் விரல் கண்டுபிடித்துவிட்டது.

அடுத்து அவர் செய்ததை நான் தடுத்திருக்க வேண்டும். ஒரு மெல்லிய சரட்டைப் பிரித்தெடுத்து, அறுந்த நூலை இணைக்கும் பழக்கத்தில், கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போட்டார். முடிச்சு இறுகும் முன்பே அது பொடிப்பொடியாக ஒடிந்தது. நுண்ணிய துண்டுகள் விரலில் ஏறின. மூங்கில் சிலாம்பு ஏறியதுபோல ஊரும், அரிக்கும். கழுவினாலும் உடனே போகாது. அப்பா விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இது நூல் இல்லை. கண்ணாடி.”

இதையும் அவர் சரியாகவே சொன்னார். 7 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள இந்த இழை ஏறத்தாழ 2 சதவீதம் நீண்டாலே உடைந்துவிடும். கணக்குப் போட்டால், அரை மில்லிமீட்டரைவிடக் குறுகிய வளையமாக அதை மடக்கும்போது வெளிப்புறம் அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. பருத்தி வளைந்துகொடுக்கும். இரும்பு, தாங்க முடியாத இடத்தில் இளகி நீண்டு சுமையைப் பகிர்ந்துகொள்ளும். கார்பன் இழைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஓரிடத்தில் கீறல் இருந்தால் அதன் முனையில் சுமை குவியும், குவிந்ததைக் கரைக்க வழியில்லை, கீறல் ஓடிவிடும்.

நான் ஆசிரியன் அல்லவா, விட முடியவில்லை. “ஆனால் அப்பா, நேராக இழுத்தால் இதன் பலம் 4,900” என்றேன்.

“எத்தனை நீளத்துக்கு?”

“பலத்துக்கு நீளம் எதற்கு? விசையைக் குறுக்குப் பரப்பால் வகுத்தால் வருவது. அது பொருளின் குணம்.”

அப்பா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. “நாற்பதாம் நம்பர் நூலில் இரண்டு அங்குலம் வெட்டிக் கொடு, அறுப்பதற்குப் படாதபாடு பட வேண்டும். அதே நூலில் இரண்டு கெஜம் கொடு. எங்கேயாவது ஒரு மெலிந்த இடம் இருக்கும், அங்கே விட்டுவிடும். நீளம் எழுதாமல் பலம் எழுதினால் எங்கள் மேஸ்திரி காகிதத்தைத் திருப்பி எறிந்துவிடுவார்.”

அந்த இரவு

சாப்பிட்டுவிட்டு, இழைத் தயாரிப்பாளர்களின் விவரத்தாள்களையும் என் பழைய குறிப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டேன். முதல் முறையாக எண்களைப் படிக்காமல், அந்த எண்கள் எந்த நீளத்தில் எடுக்கப்பட்டவை என்று படித்தேன். தனி இழையைச் சோதிக்கும்போது வழக்கமான நீளம் 25 மில்லிமீட்டர். விவரத்தாளில் உள்ள 4,900 தனி இழையின் எண்ணே இல்லை. கத்தையை ரெசின் என்ற பிசினில் ஊறவைத்து, கெட்டியாக்கி, இழுத்து எடுத்தது. அது வேறு கதை, பிறகு வருகிறேன்.

கிராஃபீனின் 130? 2008இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அளந்தது. ஒரு சிலிக்கான் தகட்டில் 1 முதல் 1.5 மைக்ரோமீட்டர் அகலமுள்ள குழிகளைச் செய்து, அவற்றின் மேல் ஒற்றை அணு அடுக்கை மூடியாகப் போர்த்தி, நடுவில் வைர ஊசியால் அழுத்தியிருக்கிறார்கள். ஒன்றரை மைக்ரோமீட்டர்! பதினோரு ஆண்டுகளாக நான் இரண்டு பொருள்களை ஒப்பிடுவதாக நினைத்து, பெரிய அளவில் இரண்டு நீளங்களையும் சேர்த்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். குழியளவு படலத்தில் குறையே இல்லாமல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சாண் நீள இழையில் ஏது?

இடையில் இன்னொரு எண்ணும் கிடைக்கிறது. 1958இல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் ரோஜர் பேகன் என்ற இயற்பியலாளர் உயர் அழுத்தத்தில் கார்பன் வில்சுடரை எரித்தபோது கிராஃபைட் மயிர்கள் வளர்ந்திருந்தன. சில மைக்ரோமீட்டர் தடிமன், அதிகபட்சம் 3 சென்டிமீட்டர் நீளம். அவற்றின் இழுவிசை வலிமை 20 ஜிகாபாஸ்கல். காகிதத்தைச் சுருட்டியதுபோல அடுக்குகள் ஒழுங்காக அமைந்த மயிர் அது. ஆலையில் கிலோமீட்டர் கணக்கில் உருவாகும் இழை இன்றும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

அப்பா சொன்னதற்கு ஒரு கோட்பாடும் இருக்கிறது என்பது எனக்கு முன்பே தெரியும், தொடர்புபடுத்திப் பார்த்ததில்லை. நீளம் கூடினால் வலிமை எவ்வளவு குறையும் என்று கணக்கிட, 1939இல் சுவீடன்காரரான வைபுல் கொடுத்த சூத்திரத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அதற்கும் முன்னால், 1926இல், மான்செஸ்டரில் பியர்ஸ் என்பவர் இதே விஷயத்தை எழுதியிருக்கிறார், எதைச் சோதித்து? பருத்தி நூலை! மறுநாள் காலை இதை அப்பாவிடம் ஆர்வமாகச் சொன்னேன். “அதற்கு மான்செஸ்டர் எதற்கு? எங்கள் டெஸ்டிங் ரூமில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்களே” என்று செய்தித்தாளைப் புரட்டினார்.

ரவையும் காகிதக் கூம்பும்

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சோதித்துப் பார்த்தோம். 7 மைக்ரோமீட்டர் இழைக்கு 4,900 மெகாபாஸ்கல் என்றால் சுமை வெறும் 19 கிராம் சொச்சம். இதற்கு இயந்திரம் வேண்டாம். கத்தையின் நுனியை நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் ஊறவைத்துக் கஞ்சியைப் போக்கி, வெள்ளைத்தாளில் பரப்பி, ஒற்றை இழையைப் பிரித்தோம். பிரித்தோம் என்று எழுதிவிட்டேன். என்னால் முடியவில்லை, அப்பாதான் பிரித்தார். எழுபத்திரண்டு வயதுக் கண்ணுக்கு அது தெரியாது. தலைமயிரில் பத்தில் ஒரு பங்குத் தடிமன். விரலுக்குத் தெரிந்தது. இரு முனைகளையும் காகிதத் துண்டுகளில் பசையால் ஒட்டி, மேல் துண்டைத் திண்ணைத் தூணின் ஆணியில் மாட்டி, கீழ்த் துண்டில் காகிதக் கூம்பைத் தொங்கவிட்டு, ரவையைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டோம். அறுந்ததும் கூம்பையும் ரவையையும் நகைத் தராசில் வைத்து எடை.

இதுவும் புதிதில்லை. லியோனார்டோ டா வின்சி இரும்புக் கம்பியில் கூடையைத் தொங்கவிட்டு மணல் கொட்டி அறுத்துப் பார்க்கச் சொல்லி, பிறகு அதே கம்பியைப் பாதி நீளத்தில், கால் நீளத்தில் சோதிக்கும்படி குறித்து வைத்திருக்கிறார்.

2 சென்டிமீட்டர் இழைகள் 20 கிராமை ஒட்டி அறுந்தன. 20 சென்டிமீட்டர் இழைகளில் 14 கிராமைத் தாண்டியவை குறைவு. கார்பன் இழைகளுக்கு வைபுல் சூத்திரத்தில் சிதறலைச் சொல்லும் எண் 5 சுமாருக்கு வரும். அதன்படி நீளம் 10 மடங்கானால் வலிமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைய வேண்டும். எங்கள் ரவைக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் சிதறலையும் சொல்ல வேண்டும். ஒரு நெடிய இழை 19 வரை தாங்கியது. ஒரு குட்டை இழை 9இல் விட்டது. நான் அந்தக் குட்டையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஒட்டும்போது அடிபட்டிருக்கும் என்றேன். “பிடிக்காத எண்ணை அடித்தால் அதன் பெயர் டெஸ்டிங் இல்லை” என்றார் அப்பா. சேர்த்தோம்.

தூசி மட்டும்தானா?

அப்பா கேட்டார்: “பஞ்சில் கொட்டைத்தோல் இருக்கும், தூசி இருக்கும், அதனால் நூல் மெலியும். இதில் என்ன இருக்கிறது? இது எதிலிருந்து வருகிறது?”

அக்ரிலிக் ஸ்வெட்டர் நூலின் தாய்ப்பொருளிலிருந்து என்றதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வெள்ளை இழையாக நூற்று, காற்றில் 200 முதல் 300 டிகிரியில், சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்தபடி சுடுவார்கள். மஞ்சளாகி, பழுப்பாகி, கறுக்கும். பிறகு நைட்ரஜனில் 1,000 டிகிரிக்கு மேல். ஏறத்தாழ பாதி எடை வாயுவாகப் போய்விடும். போகிற வாயு சும்மா போகுமா? நுண்துளைகளை விட்டுச் செல்லும். கிராஃபைட் படிகத்தின் அடர்த்தி 2.26, இந்த இழையின் அடர்த்தி 1.8தான். உள்ளே துளைகளும் நெகிழ்ந்த அடுக்குகளும் எவ்வளவு என்பதற்கு அதுவே சாட்சி.

இவற்றில் உயிரை எடுக்கும் குறை எவ்வளவு பெரியது என்று அறிய இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த கிரிஃபித்தின் கணக்கு போதும். 1921இல் வெளியான அவருடைய கட்டுரையில் கண்ணாடி இழை மெலிய மெலியப் பலமாகிறது, தடித்த தண்டைப்போல ஏறத்தாழ 20 மடங்கு வரை போகிறது என்று காட்டியிருந்தார். அவர் வழியில் போட்டுப் பார்த்தால், 3,500 மெகாபாஸ்கலில் உடையும் கார்பன் இழைக்கு 25, 30 நானோமீட்டர் விரிசல் போதும். இழையின் தடிமனில் ஏறத்தாழ இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. கொடுமை அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. வலிமையை இரட்டிப்பாக்க வேண்டுமானால் குறையைப் பாதியாக்கினால் போதாது, நான்கில் ஒன்றாக்க வேண்டும். அதுவும் இழை நெடுக, ஓரிடம்கூடத் தப்பாமல்.

அதே ஃபார்ன்பரோவில் அரை நூற்றாண்டு கழித்து மோர்ட்டனும் வாட்டும் செய்தது அப்பாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. சுடும் உலையை விட்டுவிட்டு, நூற்கும் அறையைத் துடைத்தார்கள். தூசியற்ற அறையில் நூற்ற அக்ரிலிக் இழையைச் சுட்டபோது கார்பன் இழையின் வலிமை உயர்ந்தது. கரைசலில் மிதந்த தூசித் துகள், சுட்ட பிறகு இழைக்குள் குழியாக நின்றிருக்கிறது. “பஞ்சு சரியில்லை என்றால் ஸ்பின்னிங்கைத் திட்டிப் பயனில்லை” என்றார் அப்பா. ஆலையில் யார் யாரையோ நினைத்துச் சொன்னதாகத் தோன்றியது.

துடைத்துத் துடைத்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்? ஜப்பானின் டோரே நிறுவனம் 1971இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டி300 இழையின் வலிமை 3,530 மெகாபாஸ்கல். 2014இல் அறிவித்த டி1100க்கு 7,000 சுமார். இரட்டிப்பாக 43 ஆண்டுகள். தடிமனும் 7 மைக்ரோமீட்டரிலிருந்து 5க்கு இறங்கியிருக்கிறது. 2023இல் டி1200 என்று 8,000ஐத் தொட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் தூசியெல்லாம் போனால் 130 வந்துவிடுமா? இங்கேதான் நான் அப்பாவோடு முரண்பட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் மெலிந்த இடத்தின் மேல் போடுவது அவருக்கு வசதி, ஏனென்றால் அது அவருடைய துறை. இழைக்குள் கார்பன் அடுக்குகள் கசங்கிய நாடாக்களைப்போலக் கிடக்கின்றன. அடுக்கின் தளத்தில் பிணைப்பு உலகிலேயே உறுதியானவற்றில் ஒன்று. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலோ பென்சிலில் வழுக்கி வருகிற அதே பலவீனம். 1974இல் ரெனால்ட்ஸ், ஷார்ப் இருவரும் சொன்ன விளக்கம் எனக்கு இன்றும் நியாயமாகப் படுகிறது. இழை அச்சுக்குக் கோணலாகத் திரும்பிய ஒரு படிகத்துணுக்கு, நேராக நிற்கும் இரண்டை இணைத்துக்கொண்டிருக்கும். இழுக்கும்போது மற்றவை நேராகும். கோணலாக நிற்கும் துணுக்கு நேராக வழியில்லை, மேலும் கீழும் கட்டியிருக்கிறது. அதில் அடுக்குகள் வழுக்கி, கிழிகின்றன. அந்தத் துணுக்கு ஓர் அளவுக்கு மேல் பெரிதாக இருந்தால் கிழிசல் அதோடு நிற்காமல் இழையையே முறித்துவிடும்.

இது உண்மையென்றால், துளையோ தூசியோ இல்லாத இழையிலும் குறை உண்டு. அதன் கட்டமைப்பே குறை. இழையை 2,000 டிகிரிக்கு மேல் சுட்டால் அடுக்குகள் நன்றாக ஒழுங்காகும், விறைப்பு, அதாவது இழுத்தால் நீளாமல் எதிர்க்கும் குணம், ஏறிக்கொண்டே போகும். ஒழுங்கானால் வலிமையும் ஏற வேண்டாமா? பொதுவாக 1,500 டிகிரி வாக்கில் உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிறது. படிகங்கள் வளர்கின்றன, வளர்ந்த படிகத்தில் கிழிசலும் பெரிது. டோரேயின் மிக விறைப்பான இழைகளில் ஒன்றான எம்60ஜேயின் விறைப்பு 588 ஜிகாபாஸ்கல், டி1100ஐப்போல ஏறத்தாழ இரு மடங்கு. வலிமையோ 4,000 மெகாபாஸ்கலைத் தொடவில்லை. ஒழுங்கு கூடக் கூட உறுதி கூடும் என்று நம்புகிறவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் காட்டப் பிடிக்கும் எனக்கு.

அப்பா இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேறு இடத்திலிருந்து வந்தார். “சரி, இருபது சென்டிமீட்டருக்கே இப்படி விட்டுவிடுகிற இழையை வைத்து ஆகாய விமானம் எப்படிச் செய்கிறார்கள்? அது எத்தனை கெஜம்!”

முன்பு தள்ளிவைத்த ரெசின் கதை இதுதான். உலர்ந்த கத்தையில் ஓர் இழை அறுந்தால் அதன் நீளம் முழுவதும் வீண். ரெசினுக்குள் அறுந்தால், அறுந்த இடத்தின் சுமையை ரெசின் வாங்கி அக்கம்பக்கத்து இழைகளுக்குக் கொடுக்கிறது; ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே அறுந்த இழை மறுபடியும் தன் பங்கைச் சுமக்கத் தொடங்கிவிடுகிறது. அதாவது ரெசினுக்குள் இழையின் நீளம் கெஜக்கணக்கில்லை, மில்லிமீட்டருக்கும் கீழே. அந்த நீளத்தில் அது பலசாலி. அடுத்தடுத்துள்ள சில இழைகள் ஒரே இடத்தில் அறுந்து கொத்தாகச் சேரும்போதுதான் மொத்தமும் போகிறது.

நான் படம் போட்டு விளக்கத் தொடங்கும் முன்பே அவர் கையை நீட்டி நிறுத்தினார். “முறுக்கு” என்றார். பஞ்சிழை ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் சொச்சம். ஒன்றோடொன்று ஒட்டவில்லை, கட்டவில்லை. முறுக்கித்தான் கிலோமீட்டர் நூலாக்குகிறார்கள். முறுக்கின் உராய்வுதான் ஒன்றின் சுமையை மற்றதற்குக் கொடுக்கிறது. ரெசின் என்பது கெட்டியாகிப்போன முறுக்கு. பதினோரு ஆண்டுகள் நான் கொடுத்த எந்த விளக்கமும் இந்த ஒற்றைச் சொல்லுக்கு ஈடாகாது. இந்த ஆண்டு வகுப்பில் அதையே சொன்னேன், யார் சொன்னது என்று மட்டும் சொல்லவில்லை.

கடைசியாகக் கட்டிய 20 சென்டிமீட்டர் இழையை அப்பா அறுக்க விடவில்லை. 8 கிராமோடு நிறுத்திவிட்டு அப்படியே ஆணியில் தொங்கவிட்டார். கடற்காற்றின் ஈரத்தில் கண்ணாடி இழை சுமையோடு நின்றால் நாளடைவில் தளர்ந்து அறும், கார்பனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்று நான் சொல்லியிருந்தேன். நின்று பார்க்கட்டும் என்றார். மூன்று நாள் நின்றது. பகல் வெளிச்சத்தில் இழை கண்ணுக்கே தெரியாது. காகிதக் கூம்பு தூணருகே அந்தரத்தில் மிதப்பதுபோல இருக்கும், காற்றில் மெல்லச் சுற்றும். தெருவில் போகிற பிள்ளைகள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான்காம் நாள் காலை திண்ணையில் ரவை சிந்திக் கிடந்தது, எறும்பு மொய்த்திருந்தது. அப்பா உட்கார்ந்து கூம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பசை விட்டதா, இழை விட்டதா, விட்டது எந்த இடத்தில் என்று எனக்கும் அறிய ஆசை. மேல் துண்டையே காணவில்லை.

அம்மா துடைப்பத்தோடு உள்ளிருந்து வந்தார். “தூணில் ஒட்டடை தொங்கியது. எடுத்துவிட்டேன். ஏன், அதுவும் ஏதாவது கணக்கா?”